அடுத்தேழு

ஏப்ரல் 3, வியாழன்

இன்று காலை பத்து மணி வாக்கில் நம் குளிர்கிடங்கில் அம்மோனியா கசிந்தது. உள்ளே மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு லோடுமேன்களை நம் ஆள் சங்கிலி வெளியே இழுத்துப் போட்டான். அவர்கள் இருமி இருமி எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சங்கிலிக்குத்தான் கண் இரண்டும் வெந்துபோய் மூடிக்கொண்டன. மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இப்போதுதான் வீடு வந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்லுவார்கள்.

கிடங்கில் பத்து அறை. அறைக்கு ஒரு சென்சார் பெட்டி சுவரில் இருக்கிறது. வாயு கசிந்தால் அது மோப்பம் பிடித்துக் கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். கம்ப்யூட்டர் மணியை அடிக்கும், நடைபாதையில் உள்ள பலகையில் அறை எண்ணைக் காட்டும், என் போனையும் அலறவைக்கும்.

இன்று முதலில் மணி அடித்தது. பலகையில் 7. எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். சங்கிலி நம் கம்ப்ரசர் ஆபரேட்டர், கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டின நாளிலிருந்து என்னோடு இருப்பவன். போய் ஏழாம் அறை வால்வை அடைத்தான், கதவைத் திறந்துபோட்டான், பொத்தானை அமுக்கி மணியை நிறுத்தினான். இழையளவு கசிவு. வழக்கமாக வருவதுதான். ஏழு தவிர மற்ற அறைக்காரர்கள் பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனார்கள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏழுக்கு அடுத்த அறை. எங்கள் ஆட்கள் அதை அடுத்தேழு என்பார்கள். அந்தக் கதவருகே சங்கிலி வரும்போது வாடை மூக்கில் ஏறியிருக்கிறது. உள்ளே இருமல் சத்தம். திறந்தால் வெள்ளைப் புகை. துண்டை நனைத்து வாயில் கட்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறான். வாய்க்குத் துண்டு இருந்தது. கண்ணுக்கு என்ன இருந்தது?

ஏழை அடைத்ததும் அடுத்த குழாயில் அழுத்தம் கூடிப் பழைய இணைப்பு ஒன்று விட்டுவிட்டது என்கிறார் மெக்கானிக். அது இரும்பு, விடத்தான் செய்யும். மணி ஏன் அடிக்கவில்லை?

சட்டை முழுக்க வாடை. என் வீட்டுக்காரி சொர்ணம் அதைக் கொல்லையில் தொங்கவிட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

மதுரை போனேன். டாக்டரம்மா நல்ல மாதிரி. அம்மோனியா சுண்ணாம்பு மாதிரி, பட்ட இடத்தோடு நிற்காது, உள்ளே உள்ளே போகும் என்றார். வலது கண் தேறலாமாம். இடதைப் பற்றிக் கேட்டேன். "பத்து நாள் போகட்டும், கட்டு அவிழ்க்கும்போது பார்ப்போம்" என்றார்.

சங்கிலி பெண்சாதி முத்துப்பேச்சி தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

என் குரல் கேட்டதும் சங்கிலி தலையைத் திருப்பினான்.

"அண்ணாச்சி, அந்த ரெண்டு பயலுகளும் நல்லா இருக்கானுகளா?"

"நல்லா இருக்கானுக. காலையில புரோட்டா தின்னானுகளாம்."

"தின்னட்டும், தின்னட்டும்." கண் கட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு, "மணிய நான் நிறுத்துனேன் அண்ணாச்சி. நிறுத்துனதுனாலதான் ரெண்டாவது தடவ அடிக்கலியோ?"

"பேசாமப் படுப்பா" என்றேன்.

மணி ஏன் அடிக்கவில்லை என்று எனக்கே தெரியாது.

ஏப்ரல் 5, சனி

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். அறை அறையாகப் பார்த்தார். மணிப் பொத்தானை யார் நிறுத்தியது என்று கேட்டார். சங்கிலி என்றேன். குறித்துக்கொண்டார். "எச்சரிக்கை மணிய ஆபரேட்டர் நிறுத்தியிருக்காரு, அடுத்த கசிவுக்கு மணி அடிக்கல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கேட்பதற்குக் கோர்வையாகத்தான் இருந்தது.

அவர் போனதும் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். நம் கம்ப்யூட்டர் புரோகிராம் அவள் எழுதியது. மதுரையில் ஒரு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறாள். புருஷன் பிள்ளை கிடையாது, வயசான அப்பா மட்டும். வேலை சுத்தம், பில்லும் சுத்தம். அவளிடம் பேரம் பேசி நான் ஜெயித்ததில்லை.

போன மாசம் நானே அவளிடம் ஒரு வேலை சொன்னேன். இந்தப் பெட்டிகள் பதில் வரும்வரை விடாது. அனுப்பின செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் திரும்ப அனுப்பும். கிடங்குக்குள் சிக்னல் கிடைக்கிற லட்சணத்தில் ஒரே செய்தி நாலு தடவை, ஐந்து தடவை வரும். ஒவ்வொன்றுக்கும் மணி. லோடுமேன்கள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி ஓடிப் பார்த்து, கடைசியில் ஓடுவதையே விட்டுவிட்டார்கள். "மணி அடிச்சா தீவாராதனைன்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறானுக அண்ணாச்சி" என்றான் சங்கிலி. எனக்கு அதுதான் பயம். மணிக்குப் பயப்படாத ஆள் ஒருநாள் செத்துப்போவான்.

அதனால்தான் அவளிடம் சொன்னேன்: "ஒரு தடவை சொன்னது போதும்மா. சொன்னதையே சொன்னா தூக்கி வெளிய போடு."

அவளும் செய்து கொடுத்தாள். பெட்டி அனுப்புவது இரண்டே சங்கதி. அறை எண், அபாயம் உண்டா இல்லையா. ஒரே அறையிலிருந்து ஒரே சங்கதி பத்து நிமிஷத்துக்குள் மறுபடி வந்தால் அது இரட்டை. தள்ளிவிடும். மூன்று வாரம் கிடங்கு கோயில் மாதிரி அமைதியாக இருந்தது. நானே அவளைப் பாராட்டினேன்.

இன்று கேட்டதற்கு, "புரோகிராம் சொன்னபடிதான் வேலை பாத்திருக்கு அண்ணாச்சி. நான் நேர்ல வந்து பாக்குறேன்" என்றாள்.

"சொன்னபடி வேலை பாத்ததுக்குத்தான் ஒருத்தன் கண்ணு மூடிக் கெடக்கான்" என்று வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னது. தப்பில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அடுத்தேழு அறை மூட்டைகளை வெளியே எடுத்து வெயிலில் பிரித்துப் போட்டோம். குண்டு குண்டான முண்டு வத்தல் வாடை பிடித்துக்கொள்ளும். நீளமான சம்பா வத்தல் பரவாயில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

அட்வகேட் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். ரொம்பத் தெளிவாகப் பேசினார்.

"இதுக்கு ரெண்டு வழி இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு, ஆபரேட்டர் மணிய நிறுத்தினாரு. இன்னொண்ணு, புரோகிராம் எழுதின பொண்ணு செய்திய முழுங்கிட்டா. எது உங்களுக்குத் தோதோ அதை எடுப்போம்."

"மூணாவது வழி ஒண்ணும் இல்லையா?"

"ஓனர் தப்புன்னு ஒரு வழி உண்டுதான்." சிரித்தார். "அதைத் தேடுறதுக்கு நீங்க எனக்குப் பீஸ் குடுக்க வேண்டியதில்ல."

நானும் சிரித்தேன். சங்கிலி நம் ஆள், அவன் தலையில் போட மனசு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 7-க்கு மறுநாள், செவ்வாய்

ஜெசிந்தா வந்தாள். பஸ்ஸில் வந்து, ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ. கையில் ஒரு டப்பா, அதில் அம்மோனியாத் தண்ணீரில் நனைத்த பஞ்சு. ஒவ்வொரு அறைப் பெட்டிக்கும் பக்கத்தில் பஞ்சைக் காட்டுவது, மணி அடிக்கிறதா, பலகையில் என்ன எண் வருகிறது என்று பார்ப்பது. இதுதான் சோதனை. நானும் கூடவே நடந்தேன். ஆட்களை எல்லாம் வெளியே நிறுத்தியாயிற்று.

ஒன்று. மணி அடித்தது. இரண்டு. அடித்தது. ஏழு வரைக்கும் சரியாக வந்தது.

அடுத்த அறைக்கு வந்து பஞ்சைக் காட்டினாள். மணி இல்லை. பலகையில் ஏற்கெனவே இருந்த 7 அப்படியே இருந்தது. கையில் இருந்த கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அண்ணாச்சி, இது எந்த ரூம்?"

"அடுத்தேழு."

"அப்படின்னா?"

"ஏழுக்கு அடுத்தது. அதுக்கு அடுத்தது ஒன்பது."

கதவைப் பார்த்தாள். ஏழாம் கதவில் பெயிண்டில் 7. இந்தக் கதவிலும் 7, பக்கத்தில் சின்னதாக ஒரு அ. அதற்கு அடுத்த கதவில் 9.

"பெட்டியில என்ன நம்பர் வெச்சிருக்கீங்க?"

"பெட்டியில எழுத்து போட முடியாதுன்னு எலெக்ட்ரீசியன் சொன்னான். வெறும் ஏழுன்னு வெச்சிருப்பான்."

"அதுவும் ஏழு, இதுவும் ஏழு." டப்பா மூடியை மெதுவாகத் திருகி மூடினாள். "ரெண்டு பேருக்கு ஒரே பேரு வெச்சுட்டு, சொன்னதையே சொன்னா தூக்கிப் போடச் சொன்னீங்க. ஏழு கத்திச்சு. உடனே இது கத்திச்சு. என் புரோகிராமுக்கு ரெண்டும் ஒரே குரல்தான் அண்ணாச்சி. ஒரே ஆள் ரெண்டு தடவ கத்துறான்னு நெனச்சு இதோட வாயப் பொத்திருச்சு. மணிய நிறுத்தினது காரணமே இல்ல. புதுச் செய்தின்னா மணி தன்னால திரும்ப அடிச்சிருக்கும்."

நான் கதவில் இருந்த அந்தச் சின்ன அ-வைப் பார்த்தேன்.

"முன்னாடி இரட்டை இரட்டையா வருதுன்னு சொன்னீங்கள்ல? அதுல பாதி இரட்டையே இல்ல. ரெண்டு ரூம் தனித்தனியா பேசியிருக்கு."

அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "வேலை ஆரம்பிக்கும்போது நான் போன்ல கேட்டேனே. லிஸ்ட்ல ஒரு நம்பர் விட்டுப் போயிருக்கு, அந்த ரூம் என்னாச்சுன்னு. நீங்க என்ன சொன்னீங்க?" அவள் அந்த எண்ணைச் சொன்னாள். நான் எழுதவில்லை.

லாரி வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். லாரி வந்திருந்தது உண்மைதான்.

ஏப்ரல் 10, வியாழன்

சரக்கு வரத்து அதிகம். மதுரை போக முடியவில்லை.

ஏப்ரல் 12, சனி

நம் வத்தல் மண்டியில் ஒரு கூத்து. கருப்பையா என்ற பேரில் இரண்டு சம்சாரிகள், வத்தல் விளைவிக்கிறவர்கள். ஒருவர் கமுதிப் பக்கம், ஒருவர் சாயல்குடிப் பக்கம். இரண்டு பேரும் முண்டு வத்தல், இரண்டு பேரும் இருபத்திரண்டு மூட்டை. நம் கணக்குப்பிள்ளை ஒரே எடைச்சீட்டை இரண்டு தடவை எழுதிவிட்டோம் என்று நினைத்து ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டார். சாயல்குடிக் கருப்பையா வந்து நின்றார்.

"ஏய்யா, என் வத்தல் எங்க?"

"ஒங்க பேருல இருபத்திரெண்டு மூட்டை இருக்குல்ல?"

"அது அந்தக் கருப்பையாவோடது. அவுக வேற, நான் வேற. அவுகளுக்கு மீசை கெடையாது, பாத்தா தெரியாது?" என்று மீசையைத் தடவிக் காட்டினார். "பேரு ஒண்ணுங்கிறதுக்காக என்னய ஆளே இல்லன்னு ஆக்கிட்டீகளே. எங்க வீட்டுல கேட்டா அவ ரொம்ப சந்தோசப்படுவா."

மண்டியே சிரித்தது. வேறு சீட்டுப் போட்டுக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளையைத் திட்ட வாய் எடுத்தேன். திட்டவில்லை.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை ஒன்று

பாயசம் எடுத்துக்கொண்டு சொர்ணமும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இன்று கட்டு அவிழ்த்தார்கள்.

டாக்டரம்மா விரலைக் காட்டினார். வலது கண்ணில் விரலை எண்ணிச் சொல்லிவிட்டான். இடது கண்ணில் ஜன்னல் பக்கம் வெளிச்சம் தெரிகிறது என்றான். விரல் தெரியவில்லை. கையை ஆட்டினார், தெரியவில்லை. கருவிழி பால் மாதிரி இருக்கிறது. இனி அது வெளிச்சத்துக்கு மட்டும்தான் என்று டாக்டரம்மா முத்துப்பேச்சியிடம் தனியாகச் சொன்னார். சங்கிலி கேட்டுவிட்டான் என்று நினைக்கிறேன்.

"ஒரு கண்ணு போதும் அண்ணாச்சி. மீட்டர் பாக்குறதுக்கு ஒரு கண்ணு போதும்" என்றான். பிறகு, "ஆனா இனி என்னய யாரு மீட்டர் பாக்க விடுவா?"

"ஏன்?"

முத்துப்பேச்சிதான் சொன்னாள். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாக்குமூலம் வாங்கிப் போயிருக்கிறார். மணியை நிறுத்தியது நான்தான், அதனால் அடுத்த எச்சரிக்கை வரவில்லை, தப்பு என்னுடையது. இப்படி எழுதியிருந்ததாம். சங்கிலிக்குக் கண்ணில் கட்டு. முத்துப்பேச்சி கையைப் பிடித்து இடத்தைக் காட்ட, அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"ஏன் போட்ட?" என்றேன்.

"நெசந்தான அண்ணாச்சி? நான்தான நிறுத்துனேன்? அந்தப் பயலுக ரெண்டு பேரும் செத்திருந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு…" முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டான். அழக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

சொர்ணம் பாயசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வார்த்தை. அங்கேயே சொல்லியிருக்கலாம்.

காரில் வரும்போது சொர்ணம் கேட்டாள். "ஒங்களுக்கு என்னமோ தெரியும். சொல்ல மாட்டேங்கீக."

"ரோட்டப் பாரு" என்றேன். ஓட்டியது நான்.

ஏப்ரல் 16-க்கு மறுநாள், வியாழன்

ஜெசிந்தா போன் செய்தாள். நோட்டீஸ் கிடைத்ததாம். குரல் உயரவில்லை.

"ஒரே ஒரு கேள்வி அண்ணாச்சி. அந்த ரூம் என்னாச்சுன்னு நான் போன்ல கேட்டது ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்ல."

"சரி அண்ணாச்சி." பிறகு, "நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும். நேர்ல வந்து எண்ணிப் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்பு. அத நான் எங்கயும் சொல்லுவேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

பேரத்தில் எதிராளி தன் குறையைத் தானே எடுத்து வைத்தால் எனக்குக் கை ஓடாது. எப்போதும் அப்படித்தான்.

ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதுவதில் என்ன. அவள் கேட்டாள், நான் சொன்னேன்: "அந்த நம்பர் நம்மகிட்ட கெடையாதும்மா."

அவள் அப்படி ஓர் அறையே கிடையாது என்று எடுத்துக்கொண்டாள். நான் சொன்னது அந்த எண்ணை எங்கள் வாயில் எடுப்பதில்லை என்று. இங்கே எல்லாருக்கும் தெரியும். மூட்டை எண்ணும்போது எங்கள் ஆட்கள், "ஆறு, ஏழு, அடுத்தேழு, ஒன்பது" என்றுதான் எண்ணுவார்கள். புதிதாக வருகிற லோடுமேன்கூட ஒரே நாளில் பழகிவிடுவான். மதுரைப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

என் முதல் கடைக் கதவில் அந்த எண்தான் இருந்தது. மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் பிடித்த கடை. வருஷம் திரும்பவில்லை, எரிந்துபோனது. வத்தல் எரிந்தால் அந்தத் தெருவில் ஒருத்தன் மூச்சு விட முடியாது. ஊரே இருமியது, என்னைத் திட்டியது. கட்டின வேட்டியோடு வெளியே வந்தேன். கூட்டுத்தொகை, சனி ஆதிக்கம் என்று ஜோசியர் சொன்னார். அன்றிலிருந்து வண்டி, போன், வீடு எதிலும் அதை வர விட்டதில்லை. தேதியில்கூட எழுதுவதில்லை, கூட்டினால் வந்தாலும் எழுதுவதில்லை. படித்தவன் மூடநம்பிக்கை என்பான். எரிந்தது அவன் கடை இல்லை.

எலெக்ட்ரீசியன் கேட்டான், "அண்ணாச்சி, ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர் வெச்சா குழப்பமாகாதா?" என்று. "வைய்யி, நாங்க பாத்துக்குறோம்" என்றேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 19, சனி

சங்கிலியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கார் அனுப்பினேன். நான் போகவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சங்கிலி இடத்துக்கு ஆள் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன், "மணிய நிறுத்திட்டுப் போனாராமே, அந்த ஆளு வேலையா அண்ணாச்சி?" என்றான்.

போகச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

சங்கிலி வீட்டுக்குப் போனேன். பச்சைக் கண்ணாடி போட்டு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முத்துப்பேச்சி நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"சங்கிலி, நீ மணிய நிறுத்துனதுனால ஒண்ணும் ஆகல" என்றேன்.

"ஆறுதலுக்குச் சொல்லாதீக அண்ணாச்சி."

"நான் எவனுக்குய்யா ஆறுதல் சொல்லியிருக்கேன்? கேளு." ஏழு, அடுத்தேழு, இரண்டு பெட்டிக்கு ஒரே எண், இரட்டை என்று தள்ளியது, பஞ்சை வைத்துப் பார்த்தது, அந்தப் பெண் போனில் கேட்டது, நான் சொன்ன பதில் என எல்லாவற்றையும் சொன்னேன். சரக்கு விவரம் சொல்லுகிற மாதிரிதான் சொல்ல வந்தது. வேறு மாதிரி எனக்குத் தெரியாது.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். வலது கண்ணால் என்னைப் பார்த்தான். இடது கண்ணிலும் தண்ணீர் வருகிறது, அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

"அப்ப அந்தப் பெட்டி கத்தியிருக்கு."

"கத்தியிருக்கு."

"நான் நிறுத்துனதுக்கு அப்புறமும் கத்தியிருக்கு."

"ஆமா."

"நான் அதைச் சாகடிக்கல."

"இல்லப்பா. நான்தான் அதுக்குப் பேரு வெக்கல."

முத்துப்பேச்சி வாசல்படியில் நின்றாள். "எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரம்!" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டு வாரமா இந்த மனுசன், நான்தான் கொல்லப் பாத்தேன், நான்தான் கொல்லப் பாத்தேன்னு செவுத்தப் பாத்து அனத்திக்கிட்டுக் கெடக்காரு. அந்தக் காயிதத்துல நான் கையப் புடிச்சுக் கையெழுத்துப் போட வெச்சேன். எட்டுன்னு சொன்னா ஒங்க வாய் வெந்துருமா? எட்டு. எட்டு. எட்டு. எனக்கு என்ன ஆயிருச்சு?"

அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

சங்கிலிதான், "விடு புள்ள, அண்ணாச்சிக்கு மோர் குடு" என்றான். அவள் கொடுக்கவில்லை. சரிதான்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்ஸ்பெக்டர் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இது உங்களுக்கே பாதகம். வக்கீலக் கேட்டீங்களா?"

"அவருக்கு இந்த வழி பிடிக்காது சார்."

சங்கிலி கையெழுத்துப் போட்ட தாளை ரத்து செய்ய அவனே மறுபடி வந்து சொல்ல வேண்டுமாம். கூட்டி வருகிறேன் என்றேன். என் மேல் வழக்கு வரும். வரட்டும்.

நோட்டீஸைத் திரும்ப வாங்கச் சொன்னதற்கு அட்வகேட், "அண்ணாச்சிக்கு வயசாயிருச்சு" என்றார். ஆகிவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஜெசிந்தா மறுபடி வந்தாள். பழைய பெட்டிகளைக் கழற்றியாயிற்று. புதுப் பெட்டிகள் ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் போட்டு அனுப்புமாம். ஒரே பெட்டி, ஒரே வரிசை எண் என்றால்தான் இரட்டை. பெட்டி வேறு என்றாலோ வரிசை எண் வேறு என்றாலோ அது புதுச் செய்தி, மணி அடிக்கும்.

"எடைச்சீட்டு நம்பர் மாதிரி" என்றேன். "பேரும் மூட்டையும் ஒண்ணா இருந்தாலும் சீட்டு நம்பர் வேறன்னா வேற ஆளு."

"அதேதான் அண்ணாச்சி."

சாயல்குடிக் கருப்பையா கதையைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "சந்தேகமா இருந்தா தள்ளக் கூடாது, அடிக்கணும். அப்படித்தான் இந்தத் தடவ எழுதியிருக்கேன்" என்றாள். முதலிலேயே இதை எழுதியிருக்கலாமே என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்க எனக்கு என்ன தகுதி.

பஞ்சு டப்பாவோடு பத்து அறைக்கும் போனோம். இந்தத் தடவை அவள் ஒவ்வொரு கதவையும் கையால் தொட்டு எண்ணினாள்.

மே 8, வியாழன்

பெயிண்டர் காலையில் வந்தார். கதவில் இருந்த 7 அ-வைச் சுரண்டிவிட்டு 8 எழுதினார். "பெருசா எழுதவா அண்ணாச்சி?" என்றார். மற்றதெல்லாம் எந்த அளவோ அந்த அளவில் எழுதச் சொன்னேன்.

சங்கிலியும் முத்துப்பேச்சியும் ஆபீஸுக்கு வந்தார்கள். அவள் இன்று உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் ஆபீஸில் அவன் பேர் மேல் இருந்தது நீங்கிவிட்டது. என் பேர் மேல் ஏறியிருக்கிறது. சட்டப்படி அவனுக்கு வர வேண்டிய நஷ்டஈடு தனி, அதில் பேச்சே கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதைப் பேசினோம். நாற்பது வருஷம் பேரம் பேசியிருக்கிறேன். இன்றைக்கு அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.

சங்கிலி திரும்பக் கம்ப்ரசர் அறைக்கே வருகிறான், அதே வேலை, அதே பேர். படுத்த நாளிலிருந்து சம்பளம் விடாமல். கூட இன்னொரு ஆபரேட்டர். இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் வெளியே நிற்க வேண்டும். கண்ணுக்கும் சேர்த்து மூடுகிற முகமூடி கம்ப்ரசர் அறையில் பூட்டி வைக்காமல் ஒவ்வொரு கதவிலும் தொங்க வேண்டும். ஜெசிந்தாவுக்கு முழு பில், நோட்டீஸுக்கு மன்னிப்புக் கடிதம், என் கையெழுத்தில்.

"அம்புட்டுத்தானா?" என்றேன்.

முத்துப்பேச்சி சங்கிலியைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"இன்னொண்ணு இருக்கு அண்ணாச்சி. இனிமே அடுத்தேழுங்கிற பேச்சு கெடங்குல கூடாது. நம்ம பயலுக வாயி பழகிப்போச்சு, நீங்க சொன்னாத்தான் மாறுவானுக."

"சொல்லிடுறேன்."

"சொன்னாப் பத்தாது. எண்ணணும்."

நடைபாதைக்குக் கூட்டிப்போனான். ஆட்கள் எல்லாம் நின்றார்கள். அவன் காப்பாற்றின இரண்டு பேரும் நின்றார்கள். கதவு கதவாகக் கை வைத்து எண்ணிக்கொண்டு வந்தேன். ஏழாவது கதவு தாண்டி, எட்டு என்று சொல்லி அடுத்ததில் கை வைத்தேன். பெயிண்ட் இன்னும் காயவில்லை, உள்ளங்கையில் ஒட்டியது.

ஒப்புக்கொண்டது இது: தினம் காலையில், வேலை தொடங்கும் முன், முதல் கதவிலிருந்து பத்தாவது வரை நானே எண்ண வேண்டும், எட்டைக் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும், நான் ஊரில் இல்லாத நாளில் போனில். சங்கிலி வேலையில் இருக்கிற வரைக்கும்.